வேல்சு மொழியை அச்சேற்றிய வழக்கறிஞர்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டு மக்கள் தம் நாட்டைத் தாம் ஒரு பெயரால் அழைக்க, அண்டையிலிருந்து வந்து வென்றவர் அதற்கு வேறொரு பெயரிட்டு வழங்குவர். உலகமோ வென்றவர் இட்ட பெயரையே ஏற்றுக்கொள்ளும். ஆங்கில நாட்டிற்கு மேற்கே மலையும் மழையும் மிக்க சிறுநிலம் ஒன்றுண்டு. அதன் மக்கள் அதனைக் 'கம்ரி' என்பர். ஒரே நிலத்தில் உடன்வாழ்வார் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். தம் மொழியைக் 'கம்ரைகு' என்பர். ஆங்கிலரோ அந்நாட்டை 'வேல்சு' என்றனர். அதன் பழம்பொருள் யாது தெரியுமா? 'அயலார்' என்பதாம். வழிவழியாக வாழ்ந்த மண்ணிலேயே அம்மக்கள் அயலார் ஆயினர்! கேட்போர்க்குப் பழகிய பெயர் அதுவே ஆகலின் இவ்வுரையும் வேல்சு என்றே வழங்க நேர்கின்றது. அதுவும் இரங்கத்தக்கதே.

அந்நாட்டில் 1502ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து 1555இல் மறைந்த ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கையே இன்றைய பேச்சின் பொருள். அவர் போர்மறவர் அல்லர். மொழிக்காகச் சிறை புகுந்தவரும் அல்லர். தம் தாய்மொழியை அரசு அலுவலிலிருந்து வெளியேற்றிய ஆட்சிக்கே வாழ்நாளெல்லாம் பணி செய்தவர். ஆயினும், அத்தாய்மொழியில் முதன்முதலாக அச்சேறிய நூல் அவர் கையிலிருந்துதான் வெளிவந்தது. இவ்விரண்டும் ஒரு மாந்தனுள் யாங்ஙனம் ஒருங்கிருந்தன?

முதலில் அவர் பெயரைப் பார்ப்போம். தந்தை பெயர் இரீசு. மகன் பெயர் சோன். 'ஆப்' என்றால் அவர்கள் மொழியில் 'மகன்' என்று பொருள். எனவே அவர் 'சோன் ஆப் இரீசு', இரீசின் மகன் சோன். தந்தை பெயரைத் தன் பெயரோடு இணைத்து வழங்கும் அவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் ஆங்கில அலுவலகங்கள் குடும்பப் பெயர் ஒன்றை வேண்டின. 'ஆப்' என்பதன் இறுதியிலுள்ள பகர ஒற்று இரீசின் தலையில் ஏறி உட்கார்ந்தது. 'பிரைசு' என்னும் பெயர் பிறந்தது. சோன் என்பது சான் ஆயிற்று. இன்று உலகெங்கும் பிரைசு என்னும் பெயருடையார் எத்தனையோ பேர். அப்பெயருக்குள் மகன் என்னும் சொல்லின் ஓர் எழுத்து ஒடுங்கிக் கிடப்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

பிறந்த ஊரை ஆங்கிலர் பிரெக்கன் என்பர். ஊர்மக்கள் வழங்கும் பெயர் அபெரோந்தி. ஓந்தி என்னும் சிற்றாறு பேராற்றோடு கூடுமிடம் என்பது அதன் பொருள். நம் வழக்கில் 'ஓந்திக்கூடல்' எனலாம். அவ்வூரிலிருந்து புறப்பட்ட இளைஞர் ஆக்சுபோர்டிலும் இலண்டனிலும் சட்டம் பயின்றார்.

அவர் பிறந்த காலத்தை நினைவிற் கொள்ளவேண்டும். 1485ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், வேல்சுக் குடிவழியினனான என்றி தியூடர் தன் படையோடு வேல்சுக் கரையில் இறங்கினான். செந்நாகக் கொடி பிடித்துச் சென்று, பாசுவொர்த்துக் களத்தில் ஆங்கில மன்னனை வீழ்த்தி ஏழாம் என்றியாக முடிசூடினான். நம் குடியில் ஒரு மகன் தோன்றி நாட்டை மீட்பான் என்று வழிவழியாகப் பாடிவந்த வேல்சுப் பாணர்களுக்கு அது கனவு நனவான நாள். தம்மவன் அரியணை ஏறிவிட்டான். இனித் தம் மொழிக்கும் ஏற்றமே என்று மக்கள் மகிழ்ந்தனர்.

நடந்தது என்ன? சரியாக 51 ஆண்டுகள் கழிந்தன. 1536இல் அவன் மகன் எட்டாம் என்றியின் நாடாளுமன்றம் வேல்சை ஆங்கில நாட்டோடு இணைத்துச் சட்டம் இயற்றியது. அம்மக்கள் பேசும் மொழி ஆங்கில நாட்டின் இயல்பான தாய்மொழியோடு ஒவ்வாதது என்று அச்சட்டத்தின் முகப்பிலேயே எழுதப்பட்டது. வழக்குமன்ற நடவடிக்கைகள் யாவும் ஆங்கிலத்திலேயே நிகழவேண்டும். வேல்சு மொழி வழங்குவோர் ஆங்கிலத்தையும் கையாண்டாலன்றி எந்த அரசு அலுவலும் எய்தலாகாது. அயலான் செய்திருந்தால் பகை என்று விளங்கியிருக்கும். தம்மவன் என்று வாழ்த்தப்பட்டவனின் மகன் செய்தான். எதிர்க்கவும் வாய் எழவில்லை. இணைப்பால் வந்த நன்மைகளும் சில இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆங்கிலர்க்குள்ள சட்ட உரிமைகள் வேல்சு மக்களுக்கும் கிடைத்தன. நாடாளுமன்றத்தில் இடம் கிடைத்தது. நாட்டிலிருந்த படித்த குடும்பங்கள் அவற்றை விரும்பியே ஏற்றன. ஆனால் தன் மொழியன்றிப் பிறமொழி அறியாத உழவன் ஒருவன் தன் நிலத்துக்காகவோ உயிருக்காகவோ வழக்குமன்றத்தில் நின்றால், அங்கே பேசப்படுவது இன்னதென்று அவனுக்கு விளங்காது. மொழிபெயர்ப்பாளன் வாயைப் பார்த்து நிற்கவேண்டும்.

பிரைசு அந்த உழவன் நிலையில் இல்லை. ஆங்கிலம், இலத்தீன், பிரெஞ்சு ஆகிய மொழிகளை அறிந்த அவர், அரசனின் வலக்கையாக விளங்கிய தாமசு குரோம்வெல்லின் பணியில் அமர்ந்தார். 1534இல் குரோம்வெல்லின் மனைவியுடைய உடன்பிறந்தாள் மகளாகிய சோன் வில்லியம்சன் என்னும் பெண்ணை மணந்தார். ஏணி கிடைத்துவிட்டது. சமயத்துறையில் அரசனின் பதிவாளர் ஆனார். 1535இல் தாமசு மூரும் பிசர் ஆயரும் இலண்டன் கோட்டைச் சிறையில் உசாவப்பட்டபோது, வினாவிடைகளுக்குச் சான்றுறுதி செய்யும் ஆவண அலுவலராக உடனிருந்தார். அவ்விருவரும் அவ்வாண்டிலேயே தலை வெட்டப்பட்டனர் என்பது உலகறிந்த செய்தி.

அதே ஆண்டில் மற்றொரு வேலை வந்தது. நாட்டிலுள்ள துறவிமடங்களை ஆராய்ந்து குறைகளை எழுதி அனுப்பக் குரோம்வெல் ஆட்களை ஏவினார். தாமசு இலீ என்பாரோடு பிரைசும் சென்றார். அவர் எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன. தூய எட்மண்டின் மடத்தில் கண்ட பொருள்களை ஒரு மடலில் வரிசைப்படுத்துகிறார்: அடியார் ஒருவரைச் சுட்டெரித்த கரித்துண்டுகள், எட்மண்டு மன்னனின் நகத்துணுக்குகள், தாமசு அடியாரின் சிறுகத்தி, அவர் மிதியடி. இவற்றைக் காட்டி மக்களிடம் காணிக்கை பெற்றனர்! உடன்வந்த இலீ மடத்தலைவர்களிடம் செருக்காக நடப்பதைக் குரோம்வெல்லுக்கே அவர் எழுதினார். எழுதியதை வெளியிடவேண்டா, அவருடைய ஆட்களுக்கு அஞ்சவேண்டியுள்ளது என்றும் சேர்த்து எழுதினார். மனச்சான்றும் அச்சமும் ஒரே மடலில்!

இலேக்காக்கு என்னுமிடத்துப் பெண்துறவியர் மடத்தைப் பற்றிய மடல் மொழியாராய்ச்சி போல் உள்ளது. அம்மகளிர் தம் மடத்தின் ஒழுங்குநூலைப் பிரெஞ்சு மொழியில் வைத்திருந்தனர். அதனை நன்கு உணர்ந்துமிருந்தனர். அப்பிரெஞ்சு மக்கள் பேசும் பிரெஞ்சு அன்று. ஆங்கிலச் சட்டநூல்களில் காணும் பழம்பிரெஞ்சே என்று பிரைசு குறிக்கிறார். ஆம், ஆங்கிலநாட்டின் சட்டமே நெடுங்காலம் ஆங்கிலத்தில் இல்லை! நார்மானியர் வென்றபின் பிரெஞ்சு வழக்குமன்றம் ஏறிற்று. ஆங்கிலன் தன் மண்ணின் சட்டத்தைப் பிறமொழியில் படித்தான். அவ்விழிவை நானூறு ஆண்டுகளாக அறிந்தவன்தான் வேல்சு மக்களுக்கு அதே இழிவைச் செய்தான்.

மடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நிலம் அரசனுக்கும் அவனைச் சார்ந்தோர்க்கும் போயிற்று. பிறந்த ஊராகிய பிரெக்கனில் இருந்த மடமும், எல்லைப்புற ஆங்கில ஊராகிய எரிபோர்டில் இருந்த மடமும் பிரைசின் கைக்கு வந்தன. எரிபோர்டு மடத்திலேயே குடியேறினார். துறவியர் வெளியேற, துறவியரை ஆராய வந்தவர் உள்ளே குடிபுகுந்தார் என்று சொன்னால் அது வெறும் ஏளனம் ஆகாது, நிகழ்ந்ததே அது.

மடங்களோடு நூலகங்களும் சிதறின. சுவடிகளைக் கிழித்துப் பொருள் மடிக்கவும் மிதியடி துடைக்கவும் பயன்படுத்தினர். மளிகை விற்போரும் சவர்க்காரம் விற்போரும் அவற்றை விலைக்கு வாங்கினர் என்று சான் பேல் என்பார் 1549இல் எழுதி நொந்தார். கறையானுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஏடுகளைப் பறிகொடுத்த நமக்கு அந்நோவு விளங்கும். அந்த அழிவின் நடுவே பிரைசு சுவடிகளைத் திரட்டினார். அழிப்போர் வண்டியில் ஏறிச்சென்றவர், அழிபடும் ஏடுகளை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அங்ஙனம் அவர் கைக்கு வந்தவற்றுள் ஒன்று கார்மார்தன் மடத்துக் 'கருஞ்சுவடி'. அட்டையின் நிறத்தால் வந்த பெயர் அது. முழுவதும் வேல்சு மொழியிலேயே எழுதப்பட்ட சுவடிகளுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது; 1250ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது. 54 ஏடுகளே கொண்ட சிறுசுவடி. பழம்பாணர் பாடல்கள் அதில் உள்ளன. தாவீது அடியாரின் பெருங்கோயில் கருவூலக் காப்பாளர் அதனைப் பிரைசிடம் அளித்தார். தாமே பாடல்களையும் பாணர் பெயர்களையும் படியெடுத்து வைத்த குறிப்புச்சுவடி ஒன்றும் ஆக்சுபோர்டுப் பேலியல் கல்லூரியில் உள்ளது. அலுவல் ஆங்கிலத்தில், ஓய்வுப்பொழுது கம்ரைகில்!

1540இல் குரோம்வெல்லின் தலை உருண்டது. அவரைச் சார்ந்தோர் நடுங்கினர். பிரைசு வீழவில்லை. அதே ஆண்டில் வேல்சையும் எல்லைப்புறத்தையும் ஆளும் அரசமன்றத்தின் செயலாளர் ஆனார். இலட்லோ நகரில் இருந்த அம்மன்றமே, மேற்சொன்ன சட்டத்தை அந்நாட்டில் நடைமுறைப்படுத்திய கருவி. அதன் எழுதுகோல் ஒரு வேல்சுக்காரர் கையில் இருந்தது.

அக்கையே 1546இல் ஒரு சிறுநூலை இலண்டனுக்கு அனுப்பியது. வேல்சில் அச்சுக்கூடம் இல்லை. அந்நாட்டில் சட்டப்படி ஓர் அச்சகம் அமைய 1718 ஆயிற்று. இலண்டனில் எட்வர்டு விட்சர்ச்சு அதனை அச்சிட்டார். நூலுக்குத் தனிப்பெயர் இல்லை. ஆசிரியர் பெயரும் இல்லை. 'இந்நூலில்' என்று தொடங்குவதால், 'அனி ஃலிவிர் ஊன்' என்னும் அத்தொடக்கச் சொற்களே நூற்பெயராய் நிலைத்துவிட்டன. முதற்குறிப்பால் பெயர்பெற்ற ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் ஓதி வளர்ந்தோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. 'ஃலிவிர்' என்பது நூலைக் குறிக்கும் சொல். அதுவும் உரோமர் ஆண்ட காலத்தில் இலத்தீனிலிருந்து புகுந்ததே. தம் மொழியின் முதல் அச்சுநூல் கடன்சொல்லோடு தொடங்கியதை அம்மக்கள் உணரவில்லை. கலப்பு அவ்வளவு பழையது.

உள்ளே என்ன இருந்தது? முதற்கண் வேல்சு நெடுங்கணக்கு, படிக்கும் முறை. பின் நாள்காட்டி, அதில் அவ்வத் திங்களுக்குரிய உழவுக் குறிப்புகள். பின் கிறித்தவர் நம்பிக்கை உரை, இயேசு கற்பித்த வேண்டுதல், பத்துக் கட்டளைகள், நல்வினை தீவினைப் பட்டியல். இவ்வளவே. காப்பியம் இல்லை, இலக்கணம் இல்லை. ஆனால் எழுத்தறிவிக்கும் ஏடும், உழுவோனுக்கு நாட்குறிப்பும், வேண்டுவோனுக்கு வேண்டுதலும் ஒரே கட்டில் அமைந்துள்ளன. யாருக்காக எழுதுகிறோம் என்பதை அறிந்தவர் தொகுத்த நூல் அது.

முன்னுரையை உற்று நோக்கவேண்டும். வேல்சு மொழியைப் படிக்க வல்லவர் பலர் உள்ளனர். ஆங்கிலமோ இலத்தீனோ அவர்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. கற்பிக்கவேண்டிய குருமாரோ கற்பிக்கவில்லை. இறைவன் அச்சு என்னும் கொடையை நம்மிடை வைத்துள்ளான். பிறர்க்குப் பயன்பட்ட கொடை நமக்கு மட்டும் பயனற்றுப் போதல் தகாது. இத்தனை ஆயிரம் உயிர்கள் அறியாமையால் கெட விடுதல் பெருந்தீவினை. இவை அவர் சொல்லும் காரணங்களின் சாரம். அடுத்து ஒரு நயமான வாதம் வருகிறது. நம் மக்களுக்கு இவ்வுலக நன்மைகளை இவ்வளவு வழங்கிய அரசன், ஆவிக்குரிய நன்மையை வழங்க இன்னும் விரும்பானோ என்கிறார். 'வழங்கிய நன்மை' என்று அவர் குறிப்பது எதனை? அந்த இணைப்புச் சட்டங்களைத்தான்! பத்தாண்டுகளுக்கு முன் அலுவலகக் கதவை அம்மொழிக்கு அடைத்தவனையே வாழ்த்தி, அவன் வாழ்த்தொலியில் மயங்கி நிற்கும் வேளையில், அச்சுக்கூடக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். இது பணிவா, சூழ்ச்சியா? இரண்டுமாகலாம். உண்மையாகவே அவர் அரசனை நம்பினார் என்றே தோன்றுகிறது.

அவர் எழுத்துமுறை எளியது. அம்மொழிக்கே சிறப்பாயுள்ள ஃலகர ஒலிக்கு ஆங்கில அச்சில் எழுத்தில்லை. உள்ள எழுத்துகளை இணைத்து, வாய் ஒலிப்பதற்கேற்ப எழுதினார். அவருக்குப் பின் வந்த வில்லியம் சேல்சுபரியும் சட்டம் பயின்றவரே. 1547இல் அகரமுதலி வெளியிட்டார்; 1567இல் புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதியை மொழிபெயர்த்தார். பெரும்புலவர். ஆனால் வேல்சுச் சொற்களை இலத்தீன் போல் தோன்றுமாறு எழுதினால் தம் மொழிக்குப் பெருமை என்று கருதினார். 'எக்லுயிசு' என்று மக்கள் ஒலித்த கோயிலை 'எக்லேசு' என்று எழுதினார். விளைவு? மொழிபெயர்ப்பு நல்லது, படிக்கத்தான் நாவு எழவில்லை! உண்மையான வேல்சுக்காரன் செவி அதனைப் பொறாது என்று மாரிசு கிவ்பின் என்பார் 1595இல் எழுதினார். பிறமொழிச் சாயல் ஏறினால்தான் தம் மொழிக்கு மதிப்பு என்று எண்ணும் புலமை எந்நாட்டிலும் உண்டு போலும்! அரசு அலுவலராகிய பிரைசு அவ்வகையில் அப்புலவரைவிடத் தெளிந்தவர்.

அவருடைய பெருநூல் வேறு. பாலிடோர் வெர்சில் என்னும் இத்தாலியர் ஆங்கில நாட்டு வரலாற்றை இலத்தீனில் எழுதி 1534இல் வெளியிட்டார். திராய் நகரிலிருந்து வந்த புரூட்டசு பிரித்தானியரின் முன்னோன் என்பது கட்டுக்கதை. ஆர்தரைப் பற்றிய புகழுரைகளும் ஐயத்துக்குரியன என்பது அவர் கருத்து. பிரைசு கொதித்தெழுந்தார். 'பிரித்தானிய வரலாற்றுக் காப்புரை' என்னும் மறுப்பை இலத்தீனிலேயே எழுதினார், ஆண்டுக்கணக்கில் திருத்தினார்.

இங்கே இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். புரூட்டசுக் கதையில் வெர்சிலே சரி, பிரைசு தவறு. முன்னோர் பெருமையைக் காக்கும் ஆர்வத்தில் தொன்மத்தையும் வரலாற்றையும் ஒன்றாக்கினார். ஆனால் அவர் எழுப்பிய மற்றொரு வாதம் இன்றும் அசைக்க முடியாதது. ஒரு நாட்டின் மொழியை அறியாதவன், அம்மொழியிலுள்ள பாடலையும் சுவடியையும் ஓதாதவன், அந்நாட்டில் வரலாறே இல்லை என்று எப்படித் தீர்ப்புக் கூறலாம்? தாலியேசின் முதலிய பழம்பாணர் பாடல்களையும் தாம் திரட்டிய சுவடிகளையும் வழக்குமன்றத்தில் ஆவணம் நீட்டுவது போல் நீட்டினார். வேல்சுமொழிச் சுவடிகளை வரலாற்றுச் சான்றாகக் கற்றோர் அவையில் நிறுத்திய அச்செயலே அந்நூலின் உயிர்.

பின்னைய அலுவல்களை விரிக்கவேண்டுவதில்லை. 1547இல் வீரத்திருத்தகைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே பிரெக்கன் மாவட்டத்தின் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். 1553இல் எரிபோர்டு, 1554இல் இலட்லோ. சமயம் மாற்றிய என்றிக்கும், இன்னும் மாற்றிய எட்வர்டுக்கும், பழஞ்சமயத்தை மீட்ட மேரிக்கும் அலுவல் பார்த்தார். காற்று எப்பக்கம் அடித்தாலும் கவிழாத படகு. போற்றுவதற்குரிய பண்பு என்று இதனைச் சொல்லுதற்கில்லை. வழக்குமன்றத்தில் வேல்சு மொழி ஒலிக்கவேண்டும் என்னும் எண்ணத்துக்கு அவர் நூலில் இடமில்லை. மொழியைக் கோயிலுக்கும் உழவனுக்கும் விட்டு, ஆட்சிக்கு ஆங்கிலம் போதும் என்று அமைந்த தலைமுறையைச் சார்ந்தவர் அவர்.

1555 அத்தோபர் 15ஆம் நாள் எரிபோர்டில் மறைந்தார். தம் விருப்ப ஆவணத்தில் நிலத்தோடும் பொருளோடும் சுவடிகளையும் நினைத்தார். சமயச் சுவடிகளை எரிபோர்டுப் பெருங்கோயிலுக்கு அளித்தார். காப்புரையை அச்சிடும் கடமையை மகன் இரிச்சர்டுக்கு வைத்தார். மகன் 18 ஆண்டுகள் கழித்து, 1573இல், அதனை இலண்டனில் அச்சிட்டுத் தந்தை சொல்லை நிறைவேற்றினார்.

சிறுநூல் திறந்த வழியில் பெருநூல்கள் வந்தன. 1563இல் அதே நாடாளுமன்றம் விவிலியத்தை வேல்சு மொழியில் பெயர்க்கச் சட்டம் செய்தது. ஒவ்வொரு கோயிலிலும் ஆங்கில விவிலியத்தை அருகே வைக்கவேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு மக்கள் ஆங்கிலம் கற்பர் என்று அதில் ஒரு விதியும் சேர்த்தது! ஆங்கிலத்துக்கு இட்ட ஏணியில் வேல்சு மொழி ஏறிக்கொண்டது. 1588இல் வில்லியம் மார்கனின் முழு விவிலியம் வெளிவந்தது. அலுவலகத்திலிருந்து துரத்தப்பட்ட மொழி, திங்கள்தோறும் கிழமைதோறும் கோயிலில் செவ்விய நடையில் ஒலித்தது.

அலுவலகக் கதவு திறக்க எவ்வளவு காலம் ஆயிற்று? வழக்குமன்றத்தில் வேல்சு மொழி பேச ஓரளவு இசைவு 1942இல்தான் கிடைத்தது. 1967, 1993 ஆகிய ஆண்டுகளில் மொழிச்சட்டங்கள் வந்தன. வேல்சில் அம்மொழி ஆட்சித்தகுதி உடையது என்று சட்டம் சொன்னது 2011இல். 1536இலிருந்து எண்ணினால் 475 ஆண்டுகள். அதற்குள் பேசுவோர் தொகை சுருங்கிவிட்டது. 1911இல் மக்களுள் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் பேசிய மொழியை, 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பேச வல்லோர் நூற்றுக்கு 18 பேருக்கும் குறைவு. ஏறத்தாழ 5,38,000 பேர்.

1546இல் அச்சான அந்நூலில் எத்தனை படிகள் விற்றனவோ, எத்தனை உழவர் வீட்டு அடுப்பங்கரையில் புகையேறித் தேய்ந்தனவோ, எஞ்சியது ஒன்றே ஒன்று. அபெரிசுத்துவித்து நகரில் வேல்சு மக்கள் அமைத்துக்கொண்ட நாட்டு நூலகத்தில் அந்த ஒற்றைப் படி உள்ளது. அதே நூலகத்தில், பிரைசின் கையில் ஒருகால் இருந்த கார்மார்தன் கருஞ்சுவடியும் உள்ளது.